ஆடி மாத நிலநடுக்கம்

ஜெலுத்தோங், பினாங்கு
மார்ச் 3

அன்புத் தம்பி தயாளனுக்கு,

அக்கா ரூபினி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மட்டும் வழக்கம்போல அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. உன் உடம்பு எப்படி, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, குளிருக்குப் போர்வை போதுமா என்று ஒன்று விடாமல் எழுது.

வாட்ஸ்அப்பில் நான் பத்து வரி எழுதினால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்பிவைக்கிறாய். அதற்கு என்ன அர்த்தம் என்று அம்மா கேட்கிறார். சாப்பிட்டான் என்றா, சாப்பிடவில்லை என்றா? அதனால்தான் இந்த மின்னஞ்சல். தொழிற்சாலை வாசலிலேயே கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், விடுதி அறையில் நான்கு பேர், நின்று பேச இடமில்லை என்று நீ சொன்னதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுதினால் கடிதமாக எழுது.

அம்மா பசாரில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. "என் மவன் தைவான்ல சிப் செய்யிற கம்பெனியில இன்ஜினியரு" என்று மீன்காரரிடம் சொல்லியிருக்கிறார். அவர், "அப்ப வரும்போது ரெண்டு பாக்கெட் கொண்டாரச் சொல்லும்மா, பிள்ளைங்க திங்கும்" என்றாராம். அம்மா கோபித்துக்கொண்டு மீன் வாங்காமலே வந்துவிட்டார். அன்றைக்கு எங்களுக்குச் சாம்பார்தான்.

விளையாட்டாக எழுதுகிறேனே தவிர மனம் விளையாட்டில் இல்லை. தைவானில் நிலம் அடிக்கடி ஆடும் என்று பத்திரிகையில் படித்தேன். போவதற்கு முன்னால் இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? சுமத்ராவில் நிலம் ஆடியதற்கு இங்கே பினாங்குக் கடற்கரையில் நின்ற நம் அப்பாவை அலை கொண்டுபோயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஒன்பது வயது. அவர் உன்னைத் தூக்கிச் சுவர்மேல் ஏற்றிவிட்டதால் நீ இருக்கிறாய். அதைப் பற்றி நாம் மூன்று பேரும் பேசிக்கொண்டதே இல்லை, இப்போதும் பேச வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அம்மாவின் ஆசிகளோடு,
அக்கா ரூபினி


சிஞ்சு, தைவான்
மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

தயாளன் எழுதுவது. உங்களுக்கும் அம்மாவுக்கும் வணக்கம். நான் நலம். போர்வை இரண்டு இருக்கிறது. சாப்பாடும் பிரச்சினை இல்லை. விடுதிக்கு எதிரே ஒரு சைவக் கடை. தட்டில் நாமே எடுத்து வைத்துக்கொண்டால் எடைபோட்டுக் காசு வாங்குகிறார் அந்த அம்மா. நான் கீரையாக அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து நேற்றுச் சிரித்துவிட்டார்.

இந்த ஊரில் காற்றுதான் முதலாளி. ஸ்கூட்டரில் போகிறவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தே போகிறார்கள். மதியம் தொங்கவிட்ட என் சட்டை சாயங்காலம் பக்கத்துக் கட்டடத்து வேலியில் இருந்தது. அறைத்தோழன் ஹைக்கல் நம் நாட்டு அலோர் ஸ்டார் ஊரின் மலாய்ப் பையன். சம்பல் புட்டியைப் பூட்டுப்போட்டு வைத்திருக்கிறான், எனக்கு மட்டும் சாவி இருக்கும் இடம் தெரியும்.

நிலம் ஆடுவது உண்மைதான். வந்த இரண்டாம் வாரம் ஒன்று வந்தது. கம்பியில் தொங்கிய சட்டைகள் எல்லாம் சேர்ந்து ஆடின. கடையில் இருந்தவர்கள் நிமிர்ந்து விளக்கைப் பார்த்துவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். இவர்களுக்கு அது மழை மாதிரி. கட்டடங்களையும் அதற்கென்றே கட்டியிருக்கிறார்கள்.

நீங்கள் பயப்படுவீர்கள் என்று தெரியும். அதனால் ஒரு வேலை செய்தேன். என்னுடன் வேலை செய்யும் ஒருவர் வீட்டில் நிலநடுக்கத்தைப் பதியும் சின்னப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார். முன்பெல்லாம் அரசாங்கக் கட்டடங்களில்தான் இருக்குமாம்; இப்போது சாதாரண கைப்பேசி விலைக்குக் கிடைக்கிறது. உங்களுக்கும் ஒன்று அனுப்பச் சொல்லியிருக்கிறேன். சிமெண்டுத் தரைமேல் வையுங்கள். பாய்மேல், மேசைமேல் வைக்க வேண்டாம். தரையின் அசைவை அது கோடாக வரைந்து காட்டும். இங்கே பெரிதாக ஏதாவது நடந்தால் சில நிமிடத்தில் உங்கள் அடுப்படித் தரைக்கே சேதி வந்துவிடும். கோடு அமைதியாக இருந்தால் தம்பியும் நலம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் முழங்காலுக்கு இங்கே ஒரு தைலம் பார்த்திருக்கிறேன்.

அன்புடன்,
தயாளன்


ஜெலுத்தோங்
ஏப்ரல் 6

அன்புத் தம்பிக்கு,

நலம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளங்கை அளவுதான் இருக்கிறது. இதுவா பூமியையே கேட்கப்போகிறது என்று அம்மா உதட்டைப் பிதுக்கினார்.

பக்கத்து வீட்டு ஹபீப் பாய்தான் வந்து பொருத்திக் கொடுத்தார். கைப்பேசி பழுதுபார்க்கும் கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்தார். நல்ல விலை கொடுத்து வாங்கிய சாமானைக் கால் படுகிற இடத்தில் வைப்பதா என்று அம்மா அதைச் சாமி மேடையில் ஏற்றிவிட்டார். "மேடையில வச்சா சாமி அசையிறதுதான்மா தெரியும், தரையில வைங்க" என்று பாய் மன்றாடி இறக்கினார். கடைசியில் அடுப்படி மூலையில் வைத்தோம். அம்மா சந்தனம் குங்குமம் வைத்த பிறகுதான் மின்சாரம் கொடுக்க விட்டார். நீயும் உன் கைப்பேசியில் நம் வீட்டுக் கோட்டைப் பார்க்கலாமாமே? பார்.

இந்த இரண்டு வாரத்தில் நான் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். துணி துவைக்கும் இயந்திரம் சுற்றினால் கோடு தடித்துப்போகிறது. குப்பை லாரி வந்தால் ஒரு முடிச்சு. அம்மா அடுப்படியில் நடந்தால் ஒரு அடி பெரிதாக, ஒரு அடி சிறிதாக விழுகிறது. அந்த முழங்கால்தான். அதைக் காட்டினால், "என் கால் நொண்டுறத ஊருக்கே படம் புடிச்சு காட்டுறியா?" என்கிறார்.

நேற்று மத்தியானம் முதல் தடவையாக நிஜமானது ஒன்று விழுந்தது. வீட்டில் யாரும் நடக்கவில்லை, ரோட்டில் வண்டி இல்லை. கோடு திடீரென்று நடுங்கி, பெரிதாகி, பிறகு வெகுநேரம் எடுத்து அடங்கியது. உலகத்து நிலநடுக்கங்களைப் போடும் பட்டியல் ஒன்றை ஹபீப் பாய் காட்டித் தந்திருக்கிறார். அதில் பார்த்தேன், தைவான் என்று போட்டிருந்தது. உடனே உனக்கு வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டேன். உன் கட்டைவிரல்கூட வரவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை.

ஒரு வரி எழுது. நலம் என்று மட்டும் எழுதினால் போதும்.

அக்கா


தைவான்
மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவர் நலமும் வேண்டுகிறேன். நான் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம். அந்த ஏப்ரல் ஆட்டம் பெரிதில்லை. அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

பழைய எண்ணுக்கு அழைக்காதீர்கள், அந்தக் கைப்பேசி விழுந்து உடைந்துவிட்டது. மின்னஞ்சல்தான் வசதி. பெட்டியை மட்டும் எப்போதும் அணைக்காமல் வைத்திருங்கள்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

தயாளன்


ஜெலுத்தோங்
ஜூன் 2

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். அம்மா உனக்கு ஆயுசு நூறு என்று சொல்லி ஆரம்பிக்கச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வந்தது. அதைக் கடிதம் என்று சொல்வதா? வீட்டுக் கதவில் ஒட்டும் தண்ணீர் பில்லில் அதைவிட அதிகம் எழுதியிருக்கிறார்கள். ஒரு மாதம் காக்க வைத்து, வந்தது நான்கு வரி. மார்ச்சில் எழுதியவன் கீரையை எழுதினான், காற்றை எழுதினான், பறந்துபோன சட்டையை எழுதினான். இப்போது உன் ஊரில் காற்றே அடிப்பதில்லையா? ஹைக்கல் எங்கே? அம்மாவுக்குப் பார்த்த தைலம் என்னவாயிற்று?

கோபிக்காதே. நான் இருக்கும் நிலையைச் சொல்கிறேன். காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் பெட்டியிடம் போய் நிற்கிறேன். வேலை முடிந்து வந்து கைப்பையைக்கூட இறக்காமல் அதைப் பார்க்கிறேன். கோடு நேராக இருந்தால் மூச்சு வருகிறது. கொஞ்சம் தடித்தால் உன்னை இடிபாட்டில் வைத்துப் பார்த்துவிடுகிறேன். பிறகு பார்த்தால் பக்கத்துத் தெருவில் ரோடு போடுகிற உருளை. "அந்தப் பொட்டியவே பாத்துக்கிட்டு இரு, அப்புறம் மாப்பிள்ளை வந்தாலும் பொட்டிக்குள்ள தேடு" என்று அம்மா கிண்டல் செய்கிறார். பயத்தைக் குறைக்கத்தான் நீ இதை அனுப்பினாய், தெரியும். எனக்கு இது பயப்பட நேரம் காட்டும் கடிகாரமாகிவிட்டது.

அம்மாவுக்கு உன் முகத்தைப் பார்க்க வேண்டுமாம். விடுமுறை நாளில் ஐந்து நிமிடம் வீடியோவில் வரக்கூடாதா? யாருடைய கைப்பேசியாவது கிடைக்காதா? உடம்புக்கு ஏதாவது வந்து மறைக்கிறாயா?

பதில் எழுது.

அக்கா


ஜெலுத்தோங்
ஆகஸ்ட் 8

தயாளா,

நலமா? நலமாக இருக்கிறாயா? ஜூனில் எழுதியதற்கு நீ பதில் போடவில்லை, அதை விடு, இதற்கு மட்டும் உடனே போடு.

ஓவர்டைம் முடிந்து இப்போதுதான் வந்தேன். அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறார், வீடு காலியாக இருக்கிறது. பெட்டியின் கோட்டைப் பார்த்தேன். நான் இத்தனை நாளில் இப்படிப் பார்த்ததே இல்லை. சாயங்காலம் முழுக்கக் கறுப்பாகக் கிடக்கிறது. கோடு என்று சொல்லவே முடியாது, பட்டைபட்டையாக, திரையின் மேலும் கீழும் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஏப்ரலில் வந்தது இதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. பட்டியலில் இன்னும் எதுவும் ஏறவில்லை. சில சமயம் பட்டியல் தாமதமாகும் என்று ஹபீப் பாய் சொல்லியிருக்கிறார், அவரும் வீட்டில் இல்லை.

தைவான்தானே? உன் பக்கம்தானே? நீ வெளியே இருக்கிறாயா? உணர்ந்தாயா? எத்தனை மாடி அந்தக் கட்டடம்?

கடவுளே, ஒரு வரி போடுடா.

அக்கா


தைவான்
ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். முதலில் அதை நம்புங்கள். அழாதீர்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

ஆமாம், நேற்று உணர்ந்தேன். ஆறாவது மாடியில் இருந்தோம். முதலில் சன்னல் கண்ணாடிகள் மட்டும் சலசலத்தன. லாரி போகிறது என்று நினைத்தேன். அப்புறம் தரை பக்கவாட்டில் இழுத்தது. நின்ற இடம் நம்மை விட்டுவிட்டு நகர்வதுபோல இருக்கும், சொன்னால் புரியாது. மேலே விளக்குப் பட்டை ஒன்று கழன்று தொங்கியது. மற்றவர்கள் மேசைக்கு அடியில் போனார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும், எனக்கும் சொல்லித் தந்திருக்கிறார்கள். நான் படிக்கட்டுக்கு ஓடினேன். ஓடும்போது கடல் எந்தப் பக்கம் என்று தேடினேன். அங்கிருந்து கடல் தெரியாது, இருந்தும் தேடினேன்.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் கால் நின்றுவிட்டது. கைப்பிடியைப் பிடித்தேன், பிறகு விட முடியவில்லை. ஆட்டம் நின்று வெகுநேரமாகியும் விட முடியவில்லை. ஹைக்கல் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். "சுடா, சுடா, முடிஞ்சிடுச்சு தயா" என்று மலாயும் அவனுக்குத் தெரிந்த தமிழும் கலந்து சொல்லிக்கொண்டே தோளில் சாய்த்து இறக்கினான். கீழே எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மேலே ஏறி வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அவ்வளவுதான் அக்கா. பெரிய சேதம் எதுவும் இல்லை. நான் நலம்.

தயாளன்


ஜெலுத்தோங்
ஆகஸ்ட் 17

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். நீயும் நலம் என்று அறிந்தேன். உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

ஒரு சேதி. ஆடித் திருவிழாவுக்கு மாரியம்மன் ரதம் இந்த வருடம் நம் ரோட்டு வழியாகப் போனதாம். பெரிய ரோட்டில் குழாய் போடத் தோண்டியிருப்பதால் பாதையை மாற்றிவிட்டார்கள். எனக்குத் தெரியாது. நான் ஓவர்டைமில் இருந்தேன். அம்மா நம் வாசலில் தட்டு கொடுத்து அர்ச்சனை செய்துவிட்டு, ரதத்தோடே கோயில்வரை நடந்துபோய், நான் உனக்கு எழுதி அனுப்பிய பிறகுதான் திரும்பினார். உறுமி மேளம் மூன்று செட்டாம், ரதத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் லாரியாம், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பிள்ளைகள் நின்று ஆடியிருக்கிறார்கள்.

மறுநாள் ஹபீப் பாய் வந்து கோட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரி சிரியென்று சிரித்தார். "பூகம்பம்னா சடார்னு வரும், அப்புறம் மெல்ல அடங்கும். இது மெல்ல வந்து, நின்னு நின்னு, மெல்ல போயிருக்குலா. இந்தா பாருங்க, இது என் வீட்டு வாசல், இது உங்க வீட்டு வாசல். அம்மா தட்டு குடுத்த நேரம் வரைக்கும் இருக்கு" என்றார். பட்டியலையும் திறந்து பார்த்தார். நானும் பார்த்தேன்.

வேறு விசேஷம் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஜெலுத்தோங்
அக்டோபர் 19

அன்புத் தம்பிக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இரண்டு மாதமாக உன்னிடமிருந்து எதுவும் இல்லை. நானும் கேட்கவில்லை.

நாளைக்குத் தீபாவளி. அம்மா முறுக்கு சுட்டார், நெய் உருண்டை பிடித்தார். ஹபீப் பாய் வீட்டுக்கு முதல் தட்டு போய்விட்டது. உனக்கு ஒரு டப்பா தனியாக எடுத்து வைத்துத் துணி சுற்றியிருக்கிறார், யாராவது தைவான் போனால் கொடுத்துவிடலாமாம். "தம்பி ஏன் எழுதல?" என்று கேட்டதற்கு, தொழிற்சாலையில் கணினி பழுது என்று சொன்னேன். அதற்கு முன்னால் பெரிய வேலை வந்துவிட்டது என்று சொன்னேன். எனக்கு இப்போது பொய் நன்றாக வருகிறது. யாரிடம் கற்றேன் என்று கேட்காதே.

எங்கே இருந்தாலும் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளி. புதுத்துணி இல்லாவிட்டால் துவைத்ததைப் போட்டுக்கொள்.

அக்கா


ஜெலுத்தோங்
நவம்பர் 12

தம்பி தயாளனுக்கு,

உன் நலம் ஒன்றைத் தவிர இந்தக் கடிதத்தில் நான் கேட்பதற்கு வேறு ஒன்றும் இல்லை.

நேற்றுக் காலை கோடு நடுங்கியது. இந்தத் தடவை ரதம் இல்லை. சடாரென்று வந்தது. கொஞ்ச நேரத்தில் பட்டியலில் ஏறியது, மத்தியானம் தொலைக்காட்சியிலும் வந்துவிட்டது. தைவானில் கட்டடங்கள் சாய்ந்து கிடப்பதைக் காட்டுகிறார்கள். அம்மா பார்த்துவிட்டார். நேற்றிலிருந்து அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சாப்பாடு இல்லை. கோப்பி கொடுத்தால் ஆறிப்போகிறது. அழக்கூட இல்லை. கட்டடத்திலிருந்து ஒருவரைத் தூக்கி வந்தால் திரைக்குப் பக்கத்தில் போய்ச் சட்டையைப் பார்க்கிறார். அப்பாவைத் தேடி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தபோது இப்படித்தான் சட்டையைப் பார்த்தார். இதை இன்னொரு தடவை அம்மாவைப் பார்க்க வைக்காதே.

உன் தொழிற்சாலைக்கு அழைத்தேன். லைன் கிடைக்க நேற்றுச் சாயங்காலம் ஆகிவிட்டது. ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினாள். நீ ஏப்ரலிலேயே வேலையை விட்டுப் போய்விட்டாய் என்றாள். அம்மாவிடம் லைன் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்டிலிருந்தே எனக்குத் தெரியும், ஏதோ ஒன்று சரியில்லை என்று. நம் ரோட்டில் ரதம் போனதற்கு நீ ஆறாவது மாடியில் நிலநடுக்கம் உணர்ந்தேன் என்றாய். ஏப்ரலில் நடந்ததற்கு ஒரு வரி எழுதினாய், ஆகஸ்டில் நடக்காததற்கு ஒரு பக்கம் எழுதினாய். அந்தப் பக்கத்தைப் படித்துப் படித்துப் பார்த்தேன். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான் என்று எழுதியிருந்தாயே, அதையெல்லாம் யாரும் கற்பனை செய்ய முடியாது. நடந்ததைத்தான் எழுதியிருக்கிறாய், தேதியை மாற்றிவிட்டாய். அது ஏப்ரலில் நடந்தது, இல்லையா?

ஏன் என்று அன்றே கேட்டிருக்கலாம். கேட்டால் நீ எழுதுவதையே நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன். கேட்காமலேயே நிறுத்திவிட்டாய்.

நீ எங்கே இருக்கிறாய், என்ன செய்கிறாய், யாரோடு இருக்கிறாய், எதையும் நான் இப்போது கேட்கப்போவதில்லை. சிறையில் இருந்தாலும் சரி. நேற்றுக் காலை அந்த நாட்டில் இருந்தாயா, இல்லையா? அதை மட்டும் சொல்.

அக்கா


சுங்கை பாக்காப்
நவம்பர் 12

அக்கா,

நான் உயிரோடு இருக்கிறேன். தைவானில் இல்லை. பினாங்குப் பாலத்தைத் தாண்டி, சுங்கை பாக்காப்பில் இருக்கிறேன்.

ஏப்ரல் கடைசியிலேயே வந்துவிட்டேன். நீங்கள் எழுதியது சரி, படிக்கட்டில் நடந்தது ஏப்ரலில்தான். மறுநாள் வேலைக்குப் போனேன். வாசல்வரை போய்விட்டேன், கட்டடத்துக்குள் கால் வைக்க முடியவில்லை. அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். ஹைக்கல் கையைப் பிடித்துக்கூட அழைத்துப் பார்த்தான். அப்பா ஏற்றிவிட்ட அந்தச் சுவர்மேல் நிற்பதுபோலவே இருந்தது. உடம்பெல்லாம் வியர்த்துப்போய், ஒருநாள் வாந்தி எடுத்துவிட்டேன். அதன்பிறகு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

சிவநேசனை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், என்னோடு பள்ளியில் படித்தவன். லாரி வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். பின்பக்கத்து அறையில் இருக்கிறேன். லாரிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறேன். தரையோடு தரையாக இருக்கும் வேலை.

சம்பளம் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் நீங்கள் ஏன் என்று தோண்டுவீர்கள், நான் அகப்பட்டுக்கொள்வேன். கோயிலில் மாலை போட்டு, விமான நிலையத்துக்கு மூன்று காரில் வந்து அனுப்பிவைத்தீர்கள். பயந்துபோய் ஓடிவந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒருநாள் வீட்டுக்கு வரத்தான் கிளம்பினேன். ஜெலுத்தோங் பசார்வரை வந்துவிட்டேன். அம்மா கூடையோடு நின்று யாரிடமோ என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். கையை ஆட்டி ஆட்டி, முகமெல்லாம் சிரிப்பாக. அப்படியே திரும்பிவிட்டேன்.

அந்தப் பெட்டியை உங்களுக்காக அனுப்பினேன். இங்கே வந்தபிறகு நான்தான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை நடுவில் கைப்பேசியைத் திறந்தால் அம்மா அடுப்படியில் நடப்பது தெரியும். ஒரு அடி பெரிது, ஒரு அடி சிறிது. ஆகஸ்டில் நீங்கள் தைவானா என்று கேட்டீர்கள், நான் பட்டியலைக்கூடப் பார்க்காமல் ஆமாம் என்றேன். படிக்கட்டில் நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது, நீங்களாகக் கேட்டதும் எல்லாம் வந்துவிட்டது.

நேற்றிலிருந்து அடுப்படியில் அம்மா நடக்கவே இல்லை. அது தெரிந்தும் ஒரு நாள் பேசாமல் இருந்துவிட்டேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

நான் வரலாமா அக்கா?

தயாளன்


ஜெலுத்தோங்
நவம்பர் 13

தயாளா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. கடிதம் நேற்றே வந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து விடிந்துவிட்டது.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எதையும் மறைக்கவில்லை, நீ எழுதியபடியே படித்துக் காட்டினேன். முதலில் நம்பவில்லை. "சுங்கை பாக்காப்பா? பாலத்துக்கு அங்கிட்டு இருக்கே, அந்தச் சுங்கை பாக்காப்பா?" என்று மூன்று தடவை கேட்டார். பிறகு எழுந்துபோய் முகம் கழுவினார். சட்டியில் இருந்த பழைய சோற்றில் ரசத்தை ஊற்றி நின்றுகொண்டே சாப்பிட்டார். கை கழுவியதும் உன்னைத் திட்ட ஆரம்பித்தார். இன்னும் நிற்கவில்லை. இந்தச் சத்தம் கேட்டு ஹபீப் பாய் வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தார். அம்மா திட்டுகிற திட்டைக் கொஞ்ச நேரம் கேட்டார். "அல்ஹம்துலில்லாஹ், தம்பி நல்லாருக்கு போலலா" என்று சொல்லிவிட்டுக் கடை திறக்கப் போய்விட்டார்.

நானும் திட்டத்தான் உட்கார்ந்தேன். இத்தனை மாதம் ஒவ்வொரு லாரிக்கும் உன்னைச் சாகக் கொடுத்து எடுத்தேன். நீ பாலத்துக்கு அந்தப் பக்கம் கையில் கிரீஸோடு உட்கார்ந்திருக்க, நான் கடலுக்கு அப்பால் ஒருவனுக்காகப் பயந்திருக்கிறேன். அந்தப் பயத்தையெல்லாம் இப்போது என்ன செய்வது? யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? உன்மேல் எனக்கு வந்திருக்கும் கோபம் ஒரு வருடத்துக்குத் தாங்கும். தெரிந்துகொண்டே வா.

பயந்து ஓடிவந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் ஒரு தடவைகூடக் கடற்கரைக்குப் போனதில்லை. வேலை செய்யும் இடத்தில் எல்லாரும் பிக்னிக் போனால் வயிற்றுவலி என்று சொல்வேன். பலத்த மழை பெய்தால் அம்மா முக்கியமான காகிதங்களைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நீ பார்த்ததில்லையா? இந்த வீட்டில் மூன்று பேரும் பயந்தவர்கள்தான்டா. உன்னை மட்டும் தனியாகப் போய்ப் பயப்படச் சொன்னது யார்?

வரலாமா என்று கேட்டதற்குத் தனியாக வாங்கிக்கட்டிக்கொள்வாய். சாயங்காலத்துக்குள் வீட்டில் இரு.

அக்கா